பழைய வீடு, ஆடிக்காத்து, அறுந்து போற கேபிள்: ஈப்போல இருந்து சேட்டிலைட் தட்டு கொண்டாரச் சொல்லலாமா?

முகப்புத்திண்ணை | 2025 ஆகஸ்ட் 4, ராத்திரி 10:40

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு கிராமம், ஊர் பேர் வேணாம், படிச்சா கேபிள்காரர் கோவிச்சுக்குவார். பெங்களூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்குறேன், அப்பத்தாவைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு ரெண்டு வருசமா இங்கதான் ஜாகை. ஃபைபர் கனெக்சன் இருக்கு. அதாவது பில் மாசாமாசம் கரெக்டா வருது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்போது புளியமரத்துக்கும் கரண்டு போஸ்ட்டுக்கும் நடுவுல தொங்குற ஒத்தை வயர் எம்மாத்திரம், போன மாசம் மட்டும் ஆறு தடவை அறுந்துச்சு, போன் பண்ணா "தம்பி, ஆள் காரைக்குடி போயிருக்கான், வந்ததும் அனுப்புறேன்", அந்த ஆள் காரைக்குடியில இருந்து வர ரெண்டு நாள் ஆகும். மொபைல் சிக்னல் மாடியில ஏறி நின்னா ரெண்டு கோடு, கீழ வளவுக்கு, அதான் நடுமுத்தத்துக்கு, வந்தா ஒண்ணுமில்ல.

விசயம் என்னன்னா ஈப்போல எங்க பெரியப்பா மகன் இருக்கான். ரப்பர் தோட்டத்து ஓரமா வீடு, 2023ல மலேசியாவுக்கு ஸ்டார்லிங்க், அதான் சேட்டிலைட் வழியா இன்டர்நெட் குடுக்கற சர்வீஸ், வந்த உடனே 2300 ரிங்கிட் குடுத்து தட்டு வாங்கிட்டான், மாசம் 220 ரிங்கிட். இப்ப டவுனுக்கு வீடு மாத்தறான், தட்டு சும்மா கெடக்கு, ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு வரும்போது பெட்டியில போட்டுக் கொண்டாறேங்கறான். ஜூன்லயே இங்க லைசென்ஸ் குடுத்தாச்சுன்னு பேப்பர்ல பாத்தேன், அப்ப வேலை செய்யும்ல? இன்னொண்ணு, மழை பெஞ்சா டிடிஹெச் போயிருதே, இதுவும் அப்படித்தானா? அப்புறம் மேல ஓட்டுக்கூரை, அதுல எது மாட்டுறதுன்னாலும் ஏழு பங்காளிட்ட கேக்கணும், அதுல மூணு பேர் பேசிக்கறதில்ல, அதனால தட்டை வளவுக்குள்ளயே வெட்டவெளியில வச்சிரலாமான்னு யோசிக்கிறேன். மயிலும் வந்து உக்காராது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கப்பல்காரன் தேவகோட்டை | ஆகஸ்ட் 4, ராத்திரி 11:25

தம்பி, மொத வேலையா அந்த அண்ணனுக்குப் போன் போட்டு பெட்டியில வைக்க வேணாம்னு சொல்லிருங்க. லைசென்ஸ் குடுத்தது கம்பெனிக்கு, உங்க பெரியப்பா மகனுக்கு இல்ல. இங்க இன்னும் சர்வீஸ் ஆரம்பிக்கல. தட்டுக்குள்ள ஜிபிஎஸ் இருக்கு, தான் எந்த நாட்டுல நிக்கிறோம்னு அதுக்குத் தெரியும், அனுமதி இல்லாத இடத்துல சும்மா லைட் எரிஞ்சுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும் அவ்வளவுதான். போதாததுக்கு நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாத வயர்லெஸ் கருவிய வச்சிருக்கறதே குத்தம், 1933லேயே அதுக்கு சட்டம் போட்டாச்சு. போன டிசம்பர்ல மணிப்பூர்ல பிடிச்ச சாமான்ல இந்த மாதிரி தட்டு ஒண்ணு இருந்து பெரிய பேச்சாச்சு, இந்தியா மேல பீமை, அதாவது சேட்டிலைட்டு கீழ அனுப்பற அலையை, அணைச்சுதான் வச்சிருக்கோம்னு ஸ்டார்லிங்க் முதலாளி மஸ்க்கே சொன்னார். கல்யாணத்துக்கு வந்த மனுசன் கஸ்டம்ஸ்ல உக்காந்துக்கிட்டு பதில் சொல்லிக்கிட்டிருக்கணுமா.

ஆனா சாமான் நல்ல சாமான், அதுல சந்தேகமே வேணாம். நான் சரக்குக் கப்பல்ல இருக்கேன். முன்னாடி எங்களுக்கு வெள்ளைக் குடத்தைக் கவுத்து வச்ச மாதிரி ஒரு டோம் இருக்கும், உள்ள பெரிய தட்டு, 36,000 கிலோமீட்டர் தூரத்துல நிக்கிற சேட்டிலைட்டைப் பாத்துத் திரும்பிக்கிட்டே இருக்கும். அதுல வீட்டுக்குப் பேசுறது ஒரு தனி வித்தை. நான் "சாப்டியா"ன்னு கேப்பேன், பதில் வராது, கேக்கலையோன்னு நெனச்சு மறுபடி "சாப்டியா"ம்பேன், அப்பத்தான் மொத கேள்விக்கு "ஆச்சு"ன்னு வரும், அதுக்குப் பின்னாடியே "எத்தனை தடவ கேப்பீங்க"ன்னு வரும். கல்யாணம் ஆன புதுசுல பாதி சண்டை இதனாலதான். இப்ப ரெண்டு வருசமா மேல் தளத்துல ஸ்டார்லிங்க்தான், ரெண்டு தட்டைப் பலகை, பரோட்டாக் கல்லு மாதிரி, அசையறதே இல்ல. நடு இந்தியப் பெருங்கடல்ல நின்னுக்கிட்டு மகளோட கணக்குப் பாடத்தை வீடியோல சொல்லிக்குடுத்தேன். ஆனா விசாகப்பட்டினம் பக்கம் வரும்போது நம்ம கடல் எல்லைக்கு முன்னாடியே கேப்டன் அணைக்கச் சொல்லிருவார். ஊர் கண்ணுக்குத் தெரியும், ஊருக்குப் பேச முடியாது!


பழைய எக்சேஞ்ச் | ஆகஸ்ட் 5, காலை 6:10

கப்பல் தம்பி சொன்னது சரி. நான் டெலிபோன்ல முப்பது வருசம் இருந்து ரிட்டையர் ஆனவன், கொஞ்சம் விளக்கமா சொல்றேன், நீளமா இருந்தா பொறுத்துக்கங்க, காலையில காபிக்கு முன்னாடி வேற வேலையும் இல்ல.

டிடிஹெச் சேட்டிலைட் இருக்கறது பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கிலோமீட்டர்ல. அந்த உயரத்துல ஒரு சுத்து சுத்த ஒரு நாள் ஆகும், பூமியும் ஒரு நாள்ல சுத்துது, அதனால நமக்கு அது கோபுரக் கலசம் மாதிரி ஒரே எடத்துல நிக்கிற மாதிரி தெரியும். தட்டை ஒரு தடவை திருப்பி இறுக்கிட்டா போதும். டிவிக்கு அது பிரமாதம். பேசுறதுக்குத்தான் ஆகாது, ஏன்னா கேள்வி மேல போயி கீழ வந்து, பதில் மேல போயி கீழ வரணும், நாலு தடவை 36,000, ஒளி வேகத்துல போனாலும் கிட்டத்தட்ட அரை செகண்டு. அந்த அரை செகண்டுதான் கப்பல் தம்பி வீட்ல சண்டை மூட்டி விட்டது.

புதுசா வந்த இந்த ஸ்டார்லிங்க் சேட்டிலைட்டு இருக்கறது 550 கிலோமீட்டர்ல. காரைக்குடியில இருந்து மெட்ராஸ் 400 சொச்சம், அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் போனா எவ்வளவு தூரமோ அவ்வளவுதான், என்ன அது மேல் நோக்கி. நாலு தடவை போயி வந்தாலும் ஏழெட்டு மில்லிசெகண்டு, நடைமுறையில எல்லாம் சேத்து 30, 40 ஆகும். வீடியோ மீட்டிங்குக்கு தாராளம். ஆனா அவ்வளவு கிட்ட இருக்கறது நிக்க முடியாது, நின்னா விழுந்துரும், செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல ஓடணும். காரைக்குடிக்கு மேல இருந்தது ஒரு நிமிசத்துக்குள்ள மெட்ராஸுக்கு மேல. இங்க டிகாசன் இறங்கறதுக்குள்ள அது வங்காள விரிகுடாவைத் தாண்டிரும். அதனாலதான் ஒண்ணு ரெண்டு போதாது, ஆயிரக்கணக்குல வேணும், ஒண்ணு போகப்போக அடுத்தது வந்து பிடிச்சுக்கணும். எந்த வீடு எந்த சேட்டிலைட்டோட பேசணும்ங்கற கணக்கை 15 செகண்டுக்கு ஒருக்கா மாத்திப் போடுறாங்க.

அசையாத தட்டு ஓடுறதை எப்படிப் பின்தொடருதுன்னா, அது உண்மையில ஒரு தட்டு இல்ல, ஆயிரத்துக்கும் மேல குட்டிக் குட்டி ஆன்டெனா பரப்பி வச்ச பலகை. ஊருணிப் படித்துறையில பத்துப் பேர் வரிசையா நின்னு ஒரே நேரத்துல கல்லைப் போட்டா அலை நேரா எதிர்க்கரைக்குப் போகும். இடப்பக்கத்து ஆள் மொதல்ல போட்டு அடுத்தடுத்த ஆள் ஒரு நொடி பிந்திப் பிந்திப் போட்டா அலை வலப்பக்கமா சாஞ்சு போகும். ஆள் யாரும் நகரல, அலை மட்டும் திரும்புது. அதேதான். இந்தப் பலகை முன்னாடி பெரும்பாலும் ராணுவத்துல இருந்த சமாச்சாரம், விலை கேட்டா மயக்கம் வரும். வீட்டுக்கு வாங்கற விலைக்கு இறங்கினதுதான் பெரிய விசயம்னு நான் சொல்லுவேன், ராக்கெட்டை எல்லாரும் பேசுவாங்க.

ராக்கெட்டும் முக்கியம்தான். இந்த யோசனை புதுசே இல்ல. இரிடியம்னு 66 சேட்டிலைட்டு விட்டு 1998ல போன் சர்வீஸ் ஆரம்பிச்சாங்க, 1999 ஆகஸ்ட்ல திவால். பில் கேட்ஸ் பணம் போட்ட டெலிடெசிக் 840 விடுறோம்னு சொல்லி 2002ல கடையைக் கட்டுனாங்க. மேல அனுப்பற செலவே ஆளை முழுங்கிருச்சு. 2015 டிசம்பர்ல மஸ்க் கம்பெனியோட ஃபால்கன் 9 ராக்கெட்டு மேல போயிட்டு, அதோட கீழ்ப்பகுதி திரும்பி வந்து நின்னுச்சு பாருங்க, அதுக்கப்புறம்தான் கணக்கு மாறுச்சு. 2019 மே மாசம் ஒரே ராக்கெட்டுல 60 ஸ்டார்லிங்க் சேட்டிலைட்டு.

மழைக் கேள்வி: டிடிஹெச்சும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசை, கூ பேண்டு. ஐப்பசி அடைமழைக்கு இதுவும் தடுமாறும்.


ஆத்தங்குடிக் கல்லு | ஆகஸ்ட் 5, காலை 9:02

தப்பா எடுத்துக்காதீங்க, ஏழு பங்காளிட்ட கையெழுத்து வாங்கறதுக்குள்ள அடுத்த ராக்கெட்டே போயிரும்.


முகப்புத்திண்ணை | ஆகஸ்ட் 5, மதியம் 1:15

கப்பல் அண்ணே, அவனுக்கு சொல்லிட்டேன், "அப்ப வித்துருவேன்"ங்கறான், விக்கட்டும். எக்சேஞ்ச் ஐயா, ஊருணி உதாரணத்தை அப்பத்தாட்ட சொன்னேன், "பத்துப் பேர் கல்லெறிஞ்சா தண்ணி கலங்காதா, குடிக்கிற ஊருணியில"ன்னுச்சு. எங்க வீட்ல அறிவியல் இந்த லட்சணம்.

சரி இங்க முறைப்படி சர்வீஸ் வந்தா வாங்கலாம்ல, அப்ப வளவுல வைக்கலாமா?


பழைய எக்சேஞ்ச் | ஆகஸ்ட் 5, சாயந்திரம் 5:30

அப்பத்தா கேட்டது நியாயமான கேள்வி.

வளவு ஆகவே ஆகாது தம்பி. ரெண்டு காரணம். ஒண்ணு, வளவுக்குள்ள நின்னு நிமிந்து பாத்தா தெரியறது நாலு பக்கமும் ஓட்டுச்சரிவு வெட்டின ஒரு சதுரத் துண்டு வானம். மழைத் தண்ணியப் பிடிக்க நம்ம முன்னோர் கட்டுனது, செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுறதைப் பிடிக்க இல்ல. சேட்டிலைட்டு அந்தச் சதுரத்தைக் கடக்க கொஞ்ச நேரம்தான், மீதி நேரம் ஓட்டுக்குப் பின்னாடி, உங்க மீட்டிங்கு விட்டு விட்டு வரும். இந்தத் தட்டுக்கு கிட்டத்தட்ட வானத்துல பெரும்பாதி தொறந்து கெடக்கணும், ஒத்தைப் புளியமரம் குறுக்க நின்னாலே தெரியும்.

ரெண்டாவது காரணம் நம்ம ஊருக்குன்னே உள்ளது, நிறையப் பேர் கவனிக்கிறதில்ல. காரைக்குடி இருக்கறது வடக்கே 10 டிகிரியில. அதனாலதான் நம்ம ஊர் டிடிஹெச் தட்டு டெல்லியில மாதிரி சாஞ்சு நிக்காது, கிட்டத்தட்ட உச்சந்தலையப் பாத்து மல்லாந்து கெடக்கும், கொஞ்சமா தெக்க சாஞ்சு. அதாவது நிக்கிற சேட்டிலைட்டுகளோட வரிசை நம்ம தலைக்கு மேலயே கிழக்கு மேக்கா ஓடுது. அதுங்க அலைவரிசையில குறுக்க விழக்கூடாதுங்கறது சர்வதேச விதி, அதனால ஓடுற சேட்டிலைட்டுங்க அந்தப் பட்டையை ஒட்டி வரும்போது நம்ம தட்டோட பேசாது. ஆக உங்க வளவுல இருந்து தெரியற நேர் உச்சி வானம் இருக்கே, அதைத்தான் அது தொடாது. வடக்குப் பக்கம் திறந்த வானம் இருக்கணும். அது போக ஸ்டார்லிங்க் சேட்டிலைட்டுல பெரும்பாலும் பூமத்திய ரேகைக்கு 53 டிகிரி சாய்வுல சுத்துது, லண்டன் மாதிரி 50ஐ ஒட்டின ஊர்களுக்கு மேல நெருக்கமா இருக்கும், பூமத்திய ரேகைக்குக் கிட்ட வர வர எடைவெளி கூடும்.

"வந்தா"ங்கறதுக்கும் சொல்றேன். 2021லயே இங்க முன்பதிவுன்னு பணம் வாங்குனாங்க, லைசென்ஸ் இல்லாம விக்காதீங்கன்னு நவம்பர்ல அரசு சொல்லவும் திருப்பிக் குடுத்தாங்க. இந்த ஜூன்ல லைசென்ஸ், ஜூலையில விண்வெளி வேலைக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு இன்ஸ்பேஸோட அனுமதி. இன்னும் ஸ்பெக்ட்ரம், அதாவது அலைவரிசை, ஒதுக்கணும், இங்க உள்ளவங்க பேசுறது எல்லாம் நம்ம நாட்டுக்குள்ள இருக்கற தரை நிலையம் வழியாத்தான் போகணும்னு நிபந்தனை, அதைக் கட்டி பாதுகாப்பு சோதனை முடியணும். வருமானத்துல 4 சதவீதம் ஸ்பெக்ட்ரம் கட்டணம், டவுன் சந்தாதாரருக்கு மேல்கொண்டு வருசம் 500 ரூபாய்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் மே மாசம் பரிந்துரை பண்ணுச்சு. கிராமத்துக்கு அந்த 500 கெடையாது. நம்ம கம்பெனின்னு சொல்ல ஏர்டெல்காரங்க பார்தி பங்கு வச்சிருக்கற ஒன்வெப் இருக்கு, 1200 கிலோமீட்டர் உயரம், ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து நம்ம ராக்கெட்டுலயே 2022 அக்டோபர்ல 36, 2023 மார்ச்ல 36 போச்சு. ஆனா அவங்க வீடு வீடா விக்கிறவங்க இல்ல, கம்பெனி, அரசாங்கம், கப்பல், விமானம்.


ஊர்மேல வானம் | ஆகஸ்ட் 5, ராத்திரி 9:48

எல்லாரும் தட்டைப் பத்தியே பேசுறீங்க, மேல இருக்கறதையும் ஒரு வார்த்தை பேசலாமே. நான் கண்மாய்க்கரையில டெலஸ்கோப் வச்சு போட்டோ எடுக்கறவன். இருவது நிமிசம் திறந்து வச்ச போட்டோல பிளேடால கீறின மாதிரி கோடு கோடா விழுது. இப்பவே ஸ்டார்லிங்க் மட்டும் 7000க்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் ஆயுசு அஞ்சு வருசம் சொச்சம், அப்புறம் இறக்கி காத்துல எரியவிட்டு புதுசு அனுப்பணும், நிக்காம. 2022 பிப்ரவரியில சூரியப் புயல் வந்து மேல்காத்து உப்பிப் போயி, புதுசா விட்ட 49ல கிட்டத்தட்ட 40 திரும்பி விழுந்து எரிஞ்சுச்சு. அமேசான்காரங்க வேற 3000க்கு மேல விடறோம்னு ஏப்ரல்ல ஆரம்பிச்சிருக்காங்க. இரிடியம் சேட்டிலைட்டு ஒண்ணும் செத்துப் போன ரஷ்ய சேட்டிலைட்டு ஒண்ணும் 2009ல முட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கா. உங்க மீட்டிங்கு முக்கியம்தான், இல்லைங்கல. மேல உள்ளதுக்கும் எத்தனை பங்காளி, யார்ட்ட கையெழுத்து வாங்குனாங்கன்னுதான் கேக்கறேன்.


ரெண்டாங்கட்டு | ஆகஸ்ட் 6, காலை 7:20

தம்பி, நான் கோட்டையூர். பழைய வீட்டை விருந்தினர் தங்கற மாதிரி நடத்துறேன், வைஃபை தொல்லையில பிஎச்டி வாங்கலாம் நான். எல்லாரும் ஆகாசத்துல இருக்காங்க, நான் தரைக்கு வர்றேன்.

ரவுட்டர் எங்க இருக்கு, நீங்க எங்க உக்காந்து வேலை பாக்குறீங்க? முகப்புல ரவுட்டர், மூணாங்கட்டுல மேசைன்னா அப்பவே சொல்லிரலாம். நடுவுல எத்தனை சுவர்னு எண்ணிப் பாருங்க. எங்க வீட்டுச் சுவர் ரெண்டடி கனம், செங்கல், சுண்ணாம்பு, மேல முட்டை வெள்ளை பூசின பூச்சு, கண்ணாடி மாதிரி இருக்கும், கை வச்சா சில்லுன்னு இருக்கும், வைஃபையும் அங்கயே சில்லுன்னு நின்னுரும். மூணு மாசம் கேபிள்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் சென்னையில இருந்து வந்த ஒரு பிள்ளை லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் ரவுட்டர்லயே நேரா வயரைச் சொருகி ஸ்பீடு பாத்துச்சு, குடுத்த காசுக்கு முழுசா வருது! கோளாறு என் வீட்டுச் சுவர்ல. மனசு கேக்காம கேபிள்காரருக்கு அந்தத் தீவாளிக்கு ஒரு டப்பா மனகோலம் குடுத்தனுப்புனேன்.

சேட்டிலைட்டே வந்து எறங்கினாலும் தட்டுல இருந்து வர்ற வயர் ஒரு ரவுட்டர்லதான் முடியும், அந்த ரவுட்டருக்கும் உங்க மேசைக்கும் நடுவுல அதே சுவர்தான். அதனால மொதல்ல வயர் சொருகிப் பாருங்க. அறுந்து போகாத நாள்ல எப்படி இருக்குன்னும் எழுதுங்க. தூண்ல ஆணி மட்டும் அடிச்சிராதீங்க, பர்மாத் தேக்கு, அப்பச்சி காலத்துல கப்பல்ல வந்தது.


கப்பல்காரன் தேவகோட்டை | ஆகஸ்ட் 6, காலை 8:05

ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு. கப்பல்லயும் இதே கதைதான், இரும்புச் சுவர், ஒவ்வொரு தளத்துக்கும் வயர் இழுத்து தனித்தனியா பெட்டி வச்சாத்தான் கேபின்ல வரும்.

இன்னும் ரெண்டு விசயம். இந்தத் தட்டு 75, 100 வாட்டு கரண்டு இழுக்கும், ஃபைபர் பெட்டி பத்து பன்னண்டு வாட்டுதான். கரண்டு போனா இன்வர்ட்டர்ல எது நிக்கும்னு பாத்துக்கங்க. அப்புறம் ஒரு பீம் விழற வட்டம் இருவது, இருவத்தஞ்சு கிலோமீட்டர் அகலம். அங்கிட்டு காரைக்குடி இங்கிட்டு கானாடுகாத்தான் எல்லாம் ஒரே வட்டத்துல அடங்கிரும், அதுக்குள்ள எத்தனை பேர் வாங்கறாங்களோ அத்தனை பேரும் பங்கு போட்டுக்கணும். நடுக்கடல்ல எங்களுக்குப் பங்காளி இல்ல, அதான் பறக்குது. அதோட அறுந்தே போகாதுன்னும் நெனைக்காதீங்க, போன மாசம் 24ஆம் தேதி உலகம் பூரா ரெண்டரை மணி நேரம் படுத்துருச்சு, உள்ள ஓடுற மென்பொருள்ல கோளாறுன்னு அவங்களே சொன்னாங்க.

வயரே எட்டாத எடத்துக்கு இதை மிஞ்ச ஒண்ணுமில்ல. உங்க வாசல்ல வயர் தொங்குதே தம்பி.


முகப்புத்திண்ணை | ஆகஸ்ட் 9, ராத்திரி 8:30

மூணு நாளா எழுத முடியல, ஏன்னு கேக்காதீங்க, ஏழாவது தடவை அறுந்துச்சு.

ஆச்சி சொன்ன மாதிரி இன்னைக்கு சரியானதும் லேப்டாப்பைத் தூக்கிட்டு முகப்புக்குப் போய் வயரைச் சொருகினேன். ஸ்பீடு 100 வருது. அப்படியே பட்டாலைக் கூடம், அங்க வைஃபைல 40. வளவுல 22. ரெண்டாங்கட்டு நிலைவாசல் தாண்டினதும் 6. என் மேசைகிட்ட 1.5, அதுவும் கதவு தொறந்திருந்தா. அந்தக் கதவை அப்பத்தா மத்தியானம் தூங்கும்போது சாத்தும், என் மீட்டிங்கு மூணு மணிக்கு! ரெண்டு வருசமா மூணு மணிக்கு மட்டும் லைன் மோசம்னு கேபிள்காரர்கிட்ட கத்திக்கிட்டு இருந்திருக்கேன். இதை அவர்ட்ட சொல்லப் போறதில்ல.

ஆனா அறுந்து போறது அறுந்து போறதுதான், அது என் சுவர் இல்ல. இன்னைக்கு வந்த பையனை உக்கார வச்சு டீ குடுத்துக் கேட்டேன், எங்க தெருமுனை போஸ்ட்டுல இருந்து வீடு வரைக்கும் 60 மீட்டர்தான் பிரச்சினை, புளியங்கிளை உரசி உரசி அறுக்குது, குழாய்ல போட்டு மதில் ஓரமா மண்ணுக்குள்ள கொண்டாந்தா தொல்லை இல்லைன்னான், குழாய் செலவு நம்மது. மதில் யார் பங்குன்னு பாத்தேன், நல்லவேளை எங்களது.

இப்ப உள்ள இழுக்க 45 மீட்டர் லேன் வயர் வேணும், காரைக்குடியில எங்க கேக்கலாம்? தூண்ல ஆணி அடிக்கல ஆச்சி, டிடிஹெச் வயர் போற ஓட்டையிலயே கொண்டு போறேன்.


ரெண்டாங்கட்டு | ஆகஸ்ட் 9, ராத்திரி 9:10

செக்காலை ரோட்டுப் பக்கம் எலக்ட்ரிக் கடைகள்ல கேளுங்க. முழுச் செம்பா, இல்ல செம்பு பூசின அலுமினியமான்னு கேட்டு வாங்குங்க, கேக்கலைன்னா ரெண்டாவதுதான் குடுப்பாங்க. அம்பது மீட்டரா வாங்குங்க, நம்ம வீட்டு மூலை எல்லாம் அளந்ததை விட எப்பவும் கூடத்தான் இருக்கும்.